புடலைப் பந்தலும் மூன்று சட்டைகளும்

இந்தக் கோடையில் கடைக்காய் ஒன்றுகூட வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார். சபதத்தை அவர் எடுத்தார். தண்ணீர்க் குடத்தை மனைவி எடுத்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து பவர் சொல்வது அவர் வேலை. எதிரே வருகிறவருக்குக் கால் பவரா, அரைப் பவரா என்று நடையை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் கொல்லைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற புழுக்கத்தில் அவருடைய சொந்தக் கண்ணாடி வெள்ளைப் படலம் போர்த்திக்கொள்ளும். கோடை முழுக்கத் தன் தோட்டத்தை அவர் குத்துமதிப்பாகத்தான் பார்த்தார்.

தோட்டம் என்னவோ அமோகம். கம்பியில் கட்டிய பந்தலிலிருந்து இருபத்துமூன்று புடலங்காய்கள் தொங்கின. வளையாமல் வளரட்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் கயிற்றில் ஒரு கல் கட்டியிருந்தார். வேருக்கு வெயில் படாமல் இருக்கக் கணுக்கால் ஆழத்துக்கு வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஈரச்சாக்கு போட்டிருந்தார். குளுகுளுவென்று இருந்தது. முதலில் நத்தை வந்தது. தவளை வந்தது. அப்புறம் எலி குடும்பத்தோடு குடியேறியது.

"பாத்தியா, இயற்கையே நம்மளைத் தேடி வருது" என்றார்.

"எலியைத் தேடி எது வரும்னு யோசிச்சீங்களா?" என்றாள் மனைவி.

யோசிக்கவில்லை. அந்த வாரமே அது வந்தது.

குழந்தைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு கையில் சட்டையும் ஒரு கையில் கிளிப்புமாக உள்ளே வந்து நின்றாள்.

"ஏங்க, பாம்பு."

"எங்கே?"

"பந்தலுக்குக் கீழே. என் கை தண்டி. வைக்கோலுக்குள்ள போயிடுச்சு."

"அரணையா இருக்கும்."

"அரணைக்குக் கால் இருக்கும்ங்க."

"வேகமா ஓடுறப்ப கால் தெரியாது."

"அது ஓடல. மெதுவா, அதும் பாட்டுக்குப் போச்சு."

அவர் சிரித்தார். "கான்வென்ட்ல படிச்சவளுக்குத் தோட்டம்னாலே பாம்பு ஞாபகம்தான் வரும். இது பைபிள்ல வர்ற ஏதேன் இல்லம்மா. வெறும் புடலைத் தோட்டம்."

அவள் சிரிக்கவில்லை. மகளுக்கு எட்டு மாதம். அந்த வாரம்தான் தவழ ஆரம்பித்திருந்தாள். தரையில் எது கிடந்தாலும் முதலில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி, அடுத்தது நேராக வாய்க்கு. மனைவி கதவுக்கடியில் விரல் விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் நுழைந்தது. பழைய துண்டைச் சுருட்டி அந்த இடுக்கில் திணித்தாள். அப்புறமும் திருப்தியில்லாமல் இன்னொரு துண்டைத் திணித்தாள்.

"அந்த வைக்கோலை மட்டுமாவது அள்ளிடுங்களேன்."

"அள்ளினா வேர் காஞ்சிடும். கடையில எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு காய் தர்றதாச் சொல்லியிருக்கேன். முதலாளிக்கு ரெண்டு."

மறுநாளும் சொன்னாள். உடும்பு என்றார். அதற்கு மறுநாள் சொன்னாள். தண்ணீர்க்குழாய் என்றார். நாலாம் நாள், கடையிலிருந்து எழுத்து அட்டையைக் கொண்டுவந்து அடுக்களைச் சுவரில் மாட்டி, மனைவியை எதிர்ச்சுவரோரம் நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொன்னார். இடுப்பில் குழந்தையோடு அவள் கடைசி வரி வரை படித்தாள். அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சிட்டிருந்த அச்சகத்து முகவரியையும் படித்தாள்.

"பார்வை பிரமாதம். பயம்தான் ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொன்னார்.

இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை, அவள் வாயே திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் சீட்டியடித்தபடி கடைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் ஊற்றப் போனவர் குழாயடியில் அப்படியே நின்றார்.

பாம்புச் சட்டை. முழுசாக, முறுக்கு இல்லாமல், இஸ்திரி போட்டதுபோல் நீட்டிக் கிடந்தது. வால் பக்கத்தில் இரண்டு விரல்கடை மேலே ஒரு கிழிசல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். துடைக்காமலே இருந்திருக்கலாம். 

அந்த நேரத்தில் ஒரு தகப்பனுக்கு என்ன தோன்ற வேண்டும்? அவருக்கு முதலில் தோன்றியது, இதை அவள் பார்த்தால் பந்தல் போச்சு என்பதுதான். குச்சியால் தூக்கி, காலி உரச்சாக்குக்குள் போட்டு, சாக்கின் வாயைக் கட்டித் தொட்டிக்குப் பின்னால் தள்ளினார்.

"அங்க என்ன பண்றீங்க?" ஜன்னலிலிருந்து குரல்.

"களை... களை எடுக்கிறேன்."

"களையைச் சாக்குல கட்டியா வைப்பாங்க?"

"பெரிய களை."

"சரி" என்றாள். சரி என்று அவள் இவ்வளவு சுலபமாகச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

சனிக்கிழமை காலை இன்னொன்று. இம்முறை துணி துவைக்கும் கல்லின் ஓரம், வீட்டுக்கு இன்னும் நாலடி கிட்டே. அதே நீளம். வாலருகே அதே இடத்தில் அதே கிழிசல். வேறு யாராக இருந்தாலும் உடனே போய்ச் சாக்கைத் திறந்து பார்த்திருப்பார்கள். கண்ணாடிக்காரருக்கு அந்தத் தைரியம் இல்லை. சட்டைக்குச் சொந்தக்காரர் அதைத் தேடிக்கொண்டு சாக்குக்குள் போயிருந்தால்? அவர் தன் கல்வியின் துணையோடு வேறொரு முடிவுக்கு வந்தார்: இது இரண்டாவது பாம்பு. உடன்பிறப்பு. கிழிசல் பரம்பரைக் கூறு. மாமியார் வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே மூக்கு இல்லையா?

சட்டையைச் சுருட்டி, பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்து, அதைப் பரண்மேல் ஒளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மனைவி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். பாம்பு சட்டை உரிச்சா அது பாட்டுக்குப் போயிடுமா, அங்கேயே இருக்குமா?"

அவருக்குப் புரையேறியது. "எ... எதுக்குக் கேக்கிறே?"

"சும்மாதான். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"போயிடும். ரொம்ப தூரம் போயிடும்."

"அப்ப நல்லது. குட்டியை இன்னிக்குக் கொல்லைப்பக்கம் விளையாட விடட்டுமா? பாவம், உள்ளேயே புழுங்குறா."

"வேண்டாம்!" அவர் போட்ட சத்தத்தில் குழந்தை கஞ்சியைத் துப்பியது. "வெயில்... வெயில் ஜாஸ்தி."

"மணி ஏழுதாங்க ஆகுது."

"இன்னிக்குச் சீக்கிரமே அடிக்குது."

அவள் குனிந்து குழந்தையின் வாயைத் துடைத்தாள். நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று கடையில் ஒருவருக்குக் கிட்டப்பார்வைக்குப் பதில் தூரப்பார்வை எழுதிக் கொடுத்தார். மத்தியானம், லென்ஸ் தேய்ப்பவரிடம் போய் நின்றார். தேய்க்கிற இயந்திரத்தின் முன் முப்பது வருஷம் உட்கார்ந்தவர் அவர். உலகத்தில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார்.

"என் சிநேகிதர் வீட்ல ரெண்டு நாள்ல ரெண்டு பாம்புச் சட்டை கிடைச்சுதாம்."

"ஒரு பாம்பு ரெண்டு நாள்ல ரெண்டு தடவை உரிக்காதே. அப்ப ரெண்டு பாம்பு."

"அப்படித்தான் அவரும் நினைக்கிறார்."

"அவருக்குக் குழந்தைகுட்டி உண்டா?"

"ஒண்ணு. இப்பத்தான் தவழுது."

இயந்திரம் நின்றது. லென்ஸ் தேய்ப்பவர் மூக்கின் நுனியில் கண்ணாடியை இறக்கி, அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அப்புறம் அவர் இங்க நின்னு என்ன கதை பேசிட்டிருக்கார்?"

கண்ணாடிக்காரர் தன் மேஜைக்குத் திரும்பினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவிடுக்கில் இருந்த துண்டுகளைக் காலால் அழுத்திப் பார்த்தார். மூன்றாவது துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தானே திணித்தார். மனைவி பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணி வெளிச்சம். அடுக்களைக் கொல்லைக் கதவைத் திறந்தார். மூன்றாவது சட்டை படியிலேயே கிடந்தது, நிலைக்கு ஒரு சாண் தள்ளி. குழந்தை தவழ்ந்து வந்தால் முதல் அடி விழுகிற இடம். அதே நீளம். அதே கிழிசல்.

 குழாயடி, துவைக்கும் கல், படி. மூன்று நாளில் மூன்று பேர், வரிசையாக வீட்டை நோக்கி வருகிறார்கள். வைக்கோல் எங்கேயோ சரசரத்தது. தவளையோ, எலியோ. இனி எதுவும் தவளை இல்லை அவருக்கு. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அதன்மேல் சாய்ந்துகொண்டு கத்தினார்:

"குட்டி எங்கே?"

"கட்டில்ல தூங்குறா. என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். பந்தலைப் பிரிச்சுடப் போறேன். வைக்கோலை அள்ளிடறேன். எல்லாத்தையும், இன்னிக்கே."

"ஐயய்யோ! இருபத்துமூணு காய்ங்க. முதலாளிக்கு ரெண்டு சொல்லியிருக்கீங்களே."

"முதலாளி கடையில வாங்கிக்கட்டும்."

"வேர் காஞ்சிடுமே."

"காயட்டும்!"

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நான் சொன்னதுக்காக வேண்டாம்."

"நீ சொன்னதுக்காக இல்ல. நானா எடுத்த முடிவு. என் தோட்டம். எனக்குத் தோணுச்சு, எடுக்கிறேன்."

"உங்க இஷ்டம்" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "ஆனா நீங்க கைய வைக்க வேண்டாம். ஆள் வரும்."

"ஞாயித்துக்கிழமை ஆளுக்கு எங்கே போவே?"

எட்டு மணிக்கு வாசலில் ஆள் நின்றது. முழங்கால் வரை பூட்ஸ், நுனி வளைந்த நீளக் கம்பி, ஒரு குழாய், ஒரு துணிப்பை. கண்ணாடிக்காரரைத் தாண்டி, பழகிய வீடுபோல் நேரே கொல்லைக்கு நடந்தார்.

"நீங்க..."

"பாம்பு பிடிக்கிறவன் சார். எல்லாரும் உள்ள போய்க் கதவைச் சாத்துங்க."

ஜன்னல் வழியே பார்த்தார்கள். குழந்தை அவள் இடுப்பில். பாம்பு பிடிப்பவர் பந்தல் கம்பியை வெட்டினார். இருபத்துமூன்று கல்லும் காயும் தொப்புத்தொப்பென்று விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக்காரரின் தோள் குலுங்கியது. வந்த ஆள் ஈரச்சாக்கை உருவினார். எலிகள் சிதறின. கம்பியால் வைக்கோலைப் படலம் படலமாக விலக்கிக்கொண்டே வந்தவர், சுவரோரம் கடைசி மூலையில் அசையாமல் நின்றார்.

சீறல் கேட்டது. குக்கர் ஆவி விடுகிற மாதிரி, விடாமல், மூடிய ஜன்னலைத் தாண்டிக் கேட்டது. வைக்கோல் நிறத்திலேயே, தடித்து, சுருண்டு, உடம்பு முழுக்க வட்டம் வட்டமாக அது கிடந்தது. ஒரு தரம் சொடுக்கியது. கம்பி குறுக்கே வந்தது. மனைவியின் விரல் நகம் கண்ணாடிக்காரரின் முழங்கையில் பதிந்தது. அப்புறம் குழாய்க்குள் வால் மறைந்தது, பையின் வாய் இறுகியது.

"உங்க ஆளுதான் சார்" என்றார் பாம்பு பிடிப்பவர், வியர்வையைத் துடைத்தபடி. "கண்ணாடி விரியன். கடிச்சா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள ரத்தம் கெட்டுப்போகும்."

கண்ணாடிக்காரர் மூன்று விரலைக் காட்டினார். "இன்னும் ரெண்டு இருக்கு. மூணு சட்டை. நானே பாத்தேன்."

"சட்டை ஒண்ணுதான் சார். வியாழக்கிழமை அம்மா கூப்பிட்டுக் காட்டினாங்க. வேலிக் கம்பியில மாட்டியிருந்துச்சு. நான் எடுக்கிறப்பத்தான் வால் பக்கம் கிழிஞ்சுபோச்சு."

கண்ணாடிக்காரர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பந்தலை வெட்டாம பிடிக்க முடியாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்" என்று பாம்பு பிடிப்பவர் தொடர்ந்தார். "அம்மாதான், 'அவர் பிள்ளை மாதிரி வளர்த்த பந்தல், அவர் வாயால சொல்லட்டும்'னாங்க. ஞாயித்துக்கிழமை எட்டு மணி வரைக்கும் கெடு. சொல்லலைன்னா சொல்லாமலே வெட்டச் சொன்னாங்க."

"நீ... என் பரண்ல ஏறினியா?"

"ஸ்டூல் போட்டு" என்றாள்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"பதினோரு நாள் சொன்னேன். நான் சொன்னப்ப சிரிச்சீங்க. எழுத்து அட்டை மாட்டினீங்க. பாம்பு சொன்னப்பத்தான் கேட்டீங்க."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் படலம் எதுவும் இல்லை. பாம்பு பிடிப்பவர் தன் தோள்பையிலிருந்து, வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் ஒரு தடித்த பதிவேட்டை எடுத்து விரித்தார். ஒரு குடும்பத் தலைவனுக்கு மிச்சமிருந்த கடைசி மரியாதை அது. கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பேனாவுக்காகக் கை நீட்டினார்.

"எங்கே போடணும்?"

"உங்களுது வேண்டாம் சார்" என்றார் அவர், தேதியை மட்டும் குறித்துக்கொண்டே. "வீட்டுப் பொறுப்பாளர் கையெழுத்து வியாழக்கிழமையே வாங்கிட்டேன்."