இலவசத்தால் கெட்டுப்போன மூளை

இலவசங்களால்தான் நாடு குட்டிச்சுவராகப் போயிற்று என்று நம்பும் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ரேஷன் அரிசி வாங்குகிறவர்கள், கட்டணமில்லாப் பேருந்தில் ஏறுகிற பெண்கள், சத்துணவு முட்டை தின்கிற பிள்ளைகள் என்று எல்லாரையும் திட்டித் தீர்த்தபின், திட்ட ஆள் கிடைக்காமல் தவிக்கும்போது இவர் என்ன செய்வார்? நோயாளியைப் பார்க்கப் போவார்.

எங்கள் ஒடுகத்தூருக்கு வாய்த்தவர், ஓய்வுபெற்ற அதிகாரி மணிவேல். பக்கத்து வீட்டுப் பூபாலனுக்குப் பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம். மாத்திரை போட்டால் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொண்டு டீக்கடைவரை நடந்து போய் வருவார். அந்த நடைதான் அவருக்கு மிஞ்சியிருந்த சுகம். செல்போனில் ஏதோ ஓர் ஆராய்ச்சியைப் பாதி படித்த சூட்டோடு மணிவேல் வந்து உட்கார்ந்தார்.

“கைகால் நடுங்காம நடக்க வெக்கிற டோபமைன்னு ஒண்ணு கீதுண்ணே. மூளைல கீற என்ஸைம்தான் அத்த தயாரிக்கணும். நீங்க மாத்திரையா சும்மா குடுத்தா அது எதுக்கு வேல செய்யும்? சோம்பேறி ஆய்டும்.”

பூபாலனின் மனைவி சின்னக்குழந்தை விடவில்லை. “டாக்டரு அப்டி சொல்லலைங்களே சாரு. மாத்திரை சாமை மாதிரியாம். என்ஸைமு மெஷினு மாதிரி அத்த தீட்டி அரிசியாக்குதாம். சாமை வெளையிற நெலந்தான் அழிஞ்சு போச்சாம்.”

மணிவேல் அசருவாரா?

“ஓயாம கொட்டினே இருந்தா மெஷினு தேஞ்சுடாதா?”

சோம்பலில் கெட்ட என்ஸைம் அரை நிமிடத்தில் உழைத்துக் கெட்டது. எப்படியாவது கெட வேண்டும், அதுதான் கொள்கை. பிறகு அவசரமாக எழுந்தார். அவருடைய சர்க்கரை மாத்திரைக்கு நேரமாகிவிட்டதாம்.

அவர் சொன்னதை நம்பிய பூபாலன், மனைவிக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினார். சில நாட்களிலேயே குளியலறை வாசலில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இனி எப்போது நடப்பார் என்று மருத்துவருக்கே தெரியவில்லை.

மணிவேல் ஒரு பை ஆரஞ்சோடு மருத்துவமனைக்கும் வந்தார். “பாத்தீங்களா அண்ணி? நாலு நாளு மாத்திரை இல்லன்னதும் ஒரு அடி வெக்க முடில. எவ்ளோ சோம்பேறி ஆக்கி வெச்சிருக்குது பாருங்க.”

சின்னக்குழந்தை பையைத் திருப்பி நீட்டினாள். “இதுவும் சும்மா குடுக்கறதுதான சாரு? எடுத்துக்கினு போங்க.”

நீங்கள் அந்த ரகமில்லை, தெரியும். இருந்தாலும் உடம்பு சரியில்லாத ஒருவருக்குப் போன வாரம் ஒரு மருத்துவக் காணொளி அனுப்பினீர்களே, அவர் மாத்திரை போடுகிறாரா என்று ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.