கண்ணாடிக்கடைக்காரர் வண்டி விற்கப் புறப்பட்ட படலம்

இருகண் படைத்தும் எழுத்துத் தெரியாது தடுமாறிய மாந்தர்க்கெல்லாம் இருவட்டக் கண்ணாடி ஈந்து இருள் அகற்றிய ஏந்தலும், கண் சோதிக்கும் அட்டையின் கடைசி வரியை இமை கொட்டாமல் ஒப்பிக்கும் ஒப்பிலாதவரும், கீழே கடையும் மேலே வீடுமாய் ஒரே கட்டடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்த பெருந்தகையுமாகிய நம் கண்ணாடிக்கடைக்காரர் வாழ்க. அவரைச் சுமந்த வண்டியும் வாழ்க. பால்நிறத்தில் பிறந்து பழுப்பில் முதிர்ந்தவள் அவள், மேடு கண்டால் முனகுவாள், மழை கண்டால் முரண்டு பிடிப்பாள். அவளுடைய வலப்பக்கப் பின்கதவு உள்ளிருந்து திறவாது. அதுவும் வாழ்ந்துவிட்டுப் போகட்டும்.

அத்தகைய தேரை அவர் ஏன் விற்கத் துணிந்தார் எனில், வீட்டுக்குப் புதுவண்டி ஒன்று வந்துவிட்டது. அந்தத் தெருவிலோ வீட்டுக்கொரு வண்டி நிறுத்தத்தான் இடம். மருத்துவமனையில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்கும் தலைமைச் செவிலியராகிய அவர் மனைவியார், கையில் காய்கறிக் கத்தியுடன் சமையலறை வாசலில் நின்று, திசை எட்டும் கேட்க ஆணை பிறப்பித்தார்.

“ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் பாருங்க. விக்கலைன்னா என் தம்பி எடுத்துக்கட்டும். அவனும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்.”

தம்பி என்ற சொல் செவியில் விழுந்ததும் நம் தலைவரின் முகம் வாடியது. அந்த மைத்துனன் இரவல் வாங்கிய பொருள் எதுவும் திரும்பி வந்ததாக அக்குடும்பத்தின் வரலாற்றில் குறிப்பே இல்லை. ஏணி போயிற்று. சுவரில் துளையிடும் கருவி போயிற்று. தலைவர் தம் திருமணத்துக்கென்று வாங்கிய தோல்பெட்டி போயிற்று. போன பொருள்கள் போன இடத்தில் சௌக்கியமாக இருப்பதாக அவ்வப்போது தகவல் மட்டும் வரும். முன்பின் தெரியாத எவர் கையில் வேண்டுமானாலும் வண்டி போகட்டும், மைத்துனன் கையில் ஓசியில் போகக் கூடாது என்று தலைவர் மனத்துக்குள் சூளுரைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, மனைவியார் கையில் இன்னும் கத்தி இருந்தது.

இணையத்தில் விளம்பரம் போடலாமே என்பீர்கள். போட்டார். பார்த்தவர்கள், பிரித்து விற்றால் என்ன விலை என்று கேட்டார்கள். மானமுள்ள மனிதர், பதில் போடவில்லை.

இனிப் பகைவரைப் பாடுவோம். தெருமுனைக் கம்பத்தில், பறவைகள் எச்சமிட்டும் எழுத்தழியாத நீலப் பலகை ஒன்று உண்டு. ‘பொது வீதியில் நிறுத்தப்பட்டிருக்கும் எந்தத் தனியார் வாகனத்திலும் அது விற்பனைக்கு என்று அறிவிக்கும் எழுத்தோ எண்ணோ வைத்தல் ஆகாது. மீறினால் அபராதம்’ என்பது அதன் வாசகம். அவ்வாசகத்தின் காவல்தெய்வமாக, கருநீல மேலங்கி அணிந்து, சீட்டுப் புத்தகம் ஏந்தி, காலடி ஓசை காட்டாமல் நடந்தே வருபவர் நகராட்சி ஆய்வாளர் அம்மையார். அவரிடம் அழுகை செல்லாது, அதிகாரி பெயர் செல்லாது, ‘இப்பத்தான் வெச்சேன்’ என்பது அறவே செல்லாது. தெருவே அவரைக் கண்டால் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும்.

முதற்போர் திங்களன்று மூண்டது. கட்டைவிரல் பருமனில் ‘விற்பனைக்கு’ என எழுதி, அதன்கீழ்த் தொலைபேசி எண் பொறித்த வெண்தாளைப் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வெற்றி முரசு காதில் ஒலிக்கத் தலைவர் தேநீர்க் குவளையைக் கையிலெடுத்தார். அது ஆறுவதற்குள் அம்மையார் கடை வாசலில் நின்றார். “சார், அதை எடுத்துடுங்க. இன்னிக்கு எழுதல. மறுபடி பார்த்தா எழுதிடுவேன்.” தலைவர் தாளை உரித்தார். பாதி வந்தது, மீதி பசையோடு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

தோல்வி கண்டு துவள்வாரோ, தொழில் தெரிந்தவர்? புதனன்று அவர் தம் ஆயுதசாலையிலிருந்தே படைக்கலம் எடுத்தார். கண் சோதிக்கும் அட்டை போலவே புதிதாய் ஒன்று சமைத்தார். உச்சியில் ஒற்றைப் பேரெழுத்து, அதன்கீழ் வரிசை வரிசையாய்ச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துப் படை, கடைசி வரியில், எறும்பும் குனிந்து படிக்கவேண்டிய அளவில், வண்டி விற்பனைக்கு என்ற சேதியும் எண்ணும். அம்மையாரின் கண்ணை அவர் அறிவார். போன மாதம் அதே கடையில், அதே நாற்காலியில், நான்காம் வரிக்குக் கீழே ‘எல்லாம் கொசகொசன்னு தெரியுது சார்’ என்று சொன்ன கண் அது. கடைசி வரியை அது காணப்போவதில்லை என்று கணக்கிட்டுக் காத்திருந்தார்.

அம்மையார் வந்தார். மேலங்கிப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்தார். சற்றே குனிந்து, கடைசி வரியை எண் உட்பட ஒரு தடங்கல் இல்லாமல் உரக்கப் படித்தார். நோயை நினைவில் வைத்திருந்த நம் தலைவர், தாமே கொடுத்த மருந்தை மறந்துவிட்டார்.

“கண்ணாடி நல்லா செட் ஆயிடுச்சு சார். முன்னெல்லாம் சாயந்தரமானா தலைவலி வரும், இப்ப சுத்தமா இல்ல,” என்றபடியே அவர் அபராதச் சீட்டை எழுதலானார். எழுதும் கையை நிறுத்தாமல், “எதுக்கு சார் இவ்ளோ அவசரம்?” என்றும் கேட்டார். தலைவர் உடைந்துபோய் ஏணியில் தொடங்கித் தோல்பெட்டி வரை மைத்துனனின் புகழ் முழுவதையும் பாடி முடித்தார். “எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு,” என்றார் அம்மையார். ஆனாலும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதைக் கையில் வாங்கியபோது தலைவர் முகத்தில் துயரம் இருந்தது உண்மை. தாம் அளந்து போட்ட கண்ணாடி என்ற பெருமையும் ஒரு மூலையில் இருந்தது, மறைப்பானேன்.

வியாழனும் வெள்ளியும் அவர் உறங்கவில்லை. சனிக்கிழமை முற்பகல், நீலப் பலகையின் அடியில் நின்று வாசகத்தை ஏழாம் முறை ஓதியபோது, ‘நிறுத்தப்பட்டிருக்கும்’ என்ற சொல் அவர் கண்ணில் பட்டது. நின்றால்தானே குற்றம். ஓடினால்?

புறப்பட்டது தேர். பின்கண்ணாடி முழுதும் பரந்த வெண்தாளில் முழங்கை நீள எழுத்துகள் முழங்க, சலவைக் கடையைக் கடந்து, ரொட்டிக் கடையை வலங்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் பணிவுடன் வேகம் தணிந்து, வங்கிக் கட்டடத்தைச் சுற்றி மீண்டும் கண்ணாடிக்கடைக்கே திரும்பும் வட்டப் பாதையில், நடப்போரும் நின்று படிக்கத்தக்க மெல்நடையில் அவர் உலா வந்தார். முதற்சுற்றில் சலவைக்காரர் வியந்தார். இரண்டாம் சுற்றில் ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்து நின்றுகொண்டார். மூன்றாம் சுற்றில்தான் பின்னோக்குக் கண்ணாடியில் அந்த உருவம் தோன்றியது: இருசக்கர வண்டியில், தலைக்கவசம் பூண்டு, கருநீல மேலங்கி காற்றில் படபடக்க, ஒரு கையைத் தூக்கித் தூக்கி ஆட்டியபடி ஒருவன்.

‘காலாட்படை தோற்றதென்று குதிரைப்படையை ஏவினாளோ அம்மை! வரட்டும். உருளும் சக்கரம் நிற்குமுன் ஒரு சீட்டும் என் கையில் விழாது’ என்று தலைவர் தம் நெஞ்சுக்கு உரைத்து, விசைமிதியை மிதித்தார். பல ஆண்டுகளாக ஓட்டம் என்பதையே மறந்திருந்த அந்தப் பழுப்பு அணங்கு, ஊரார் பல் கூசும்படி ஓர் ஓலமிட்டுப் பாய்ந்தாள். பின்னவனும் பாய்ந்தான். இவர் திரும்பினால் அவன் திரும்பினான், இவர் வளைந்தால் அவன் வளைந்தான். சிவப்பு விளக்கில் நின்றபோது அவன் பக்கத்தில் வந்து சன்னலைத் தட்டி ஏதோ கத்தினான். அந்தச் சன்னல் இறங்கியே ஆறு வருடமாயிற்று. தலைவர் நேரே பார்த்துக்கொண்டு வியர்த்தார். பச்சை விழுந்ததும் பறந்தார். ஏழாம் சுற்றில், வங்கி வாசலுக்கு இருபது அடி முன்னால், பெட்ரோல் தீர்ந்தது.

நின்றுவிட்டது வண்டி. நின்றால் குற்றம். பகைவன் கவசத்தைக் கழற்றுவதற்குள், தலைவர் முன்னிருக்கைகளின் இடைவெளியில் உடலைத் திணித்துப் பாய்ந்து, பின்கண்ணாடித் தாளை ஒரே இழுப்பில் கிழித்து, நான்காய் மடித்து, அதன்மேல் அமர்ந்தார்.

“அப்பாடா, நின்னுட்டீங்களா. வண்டி குடுக்கறீங்கன்னு சொன்னாங்களே, என்ன விலை சார்?” என்றான் வந்தவன், பின்கதவை வெளியிலிருந்து திறந்து, மூச்சு வாங்க.

“யார் சொன்னா? இது குடுக்கற வண்டி இல்ல.”

“பின்னாடி போட்டிருந்துச்சே.”

“எங்க போட்டிருக்கு? நல்லாப் பாருங்க.”

அவன் போய்ப் பார்த்தான். திங்கட்கிழமைப் பசை தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, “ஓடின ஓட்டத்தைப் பார்த்தேன் சார், இன்ஜின் அருமையா இருக்கு. எதிர்த்தெருவுல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், ஆனா இது பிடிச்சிருக்கு. ரொக்கமாவே தந்துடறேன்,” என்றான்.

பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லு இது என்று தெளிந்த தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாள் அடியில் சரசரத்தது. “இது எங்க குடும்ப வண்டிங்க. என் உயிரே போனாலும் யாருக்கும் குடுக்கறதா இல்ல,” என்று அறுதியிட்டு உரைத்தார். கேட்டவனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. “தெரியாம கேட்டுட்டேன் சார், மன்னிச்சுக்குங்க,” என்று சொல்லி எதிர்த்தெருவை நோக்கிப் போனான்.

தலைவர் வெற்றிப் பெருமூச்சு விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது. ஓசையின்றி நடந்துவந்த அம்மையார் சன்னலருகே குனிந்தார். “என்ன சார், எங்க அண்ணன் வந்து பார்த்தாரா? நீங்க அன்னிக்கு சொன்னது மனசு கேக்கல, நான்தான் அனுப்பினேன்.”

“நீல மேலங்கி போட்டிருந்தாரே...”

“அது மழைக்கோட்டு சார்.”

அம்மையார் அங்கேயே நின்று அண்ணனை அழைத்தார். அண்ணன் எதிர்த்தெரு வண்டிக்கு அப்போதுதான் முன்பணம் கொடுத்திருந்தார். உயிரே போனாலும் கொடுக்கமாட்டேன் என்ற அந்த நல்ல மனிதரைத் தாம் இனித் தொந்தரவு செய்யப்போவதில்லை என்றும் சொல்லியனுப்பினார். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை, நான் அவர் பக்கம்.

ஆக, முப்பெரும் போர் புரிந்து, தாளால் ஒன்றும் அட்டையால் ஒன்றும் தேரால் ஒன்றுமாகச் சட்டத்தின் மூன்று வாயிலையும் முட்டி, தேடிவந்த திருமகளைப் பகையெனத் துரத்தி, துரத்தியதையே வெற்றியெனக் கொண்டாடிய கண்ணாடிக்குலக் கோமானின் நெடும்புகழ், கதிரவன் எழுந்து வங்கி வாசலில் அனாதையாய் நின்ற அப்பழந்தேரின் நெற்றியைத் தடவிய ஞாயிறன்று ஏழுலகும் எட்டியிருக்க வேண்டும்.

பதினொன்றரை மணிக்கு மைத்துனன் வந்தான், சாவியை வாங்கிக்கொண்டான், பெட்ரோல் போட்டுத் தரச் சொன்னான்.