கடலுக்குக் குறுக்கே ஒரு களிமண் பொம்மை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய எல்மி அத்தைக்கு, உங்கள் தம்பி சாந்தோஸின் ஒரே மகளும், வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் கூப்பிடப்படுபவளுமான நெய்தி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு பன்றிகள், பதினொரு கோழிகள் அனைவரும் நலம். நீங்களும், நீங்கள் ஓட்டலில் துவைத்து மடிக்கும் படுக்கை விரிப்புகளும் நலமாக இருக்க எல்லாப் புனிதர்களையும் வேண்டுகிறேன். போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வீட்டின் ஒரே போன் கிணற்றுக்குள் இருக்கிறது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எழுத ஆசைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை நம் ஊர் வில்பெர்த்தின் வேனில் ஏறி, உங்கள் வீட்டுக் கொக்கிகளில் எங்கள் வலை ஊஞ்சல்களை மாட்டித் தூங்கி, ஞாயிறு காலை துலூம் இடிபாடுகளுக்குப் போவதாக இருந்தோம். ஞாயிறன்று நம் நாட்டுக்காரர்களை டிக்கெட் கேட்காமல் உள்ளே விடுகிறார்களே. நம் முன்னோர் கட்டிய சுவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, பக்கத்துக் கடற்கரையில் இறங்கிவிடுவது. இதெல்லாம் அம்மாவுக்காகப் போட்ட திட்டம். அம்மாவுக்கு நாற்பது வயது, கடல் இரண்டு மணி நேரத் தூரம், இன்றுவரை பார்த்ததில்லை. அதற்காகவே ஒரு வெள்ளை அங்கி தைத்து, அதன் ஓரத்தில் பூவேலையாக அலை போட்டுக்கொண்டிருந்தாள். அலைக்கு என்ன நிறம் என்று கேட்டதற்கு நான் நீலம் என்றேன், சின்ன வயதில் அங்கே கட்டட வேலை பார்த்த அப்பா பச்சை என்றார். அந்தச் சண்டையே இரண்டு நாள் ஓடியது. எவ்வளவு நல்ல நாட்கள் அத்தை அவை.

இனி என் பாவக் கணக்கு. பதினெட்டு நாளைக்கு முன், சோளக் காடு வாடிக் கிடந்தபோது, பொழுது போகாமல், காட்டைக் காத்து மழை கொண்டுவரும் குட்டிச்சாமி அலூஷ் ஒன்றைக் களிமண்ணில் செய்தேன். ஒரு சாண் உயரம், கோணல் வாய், பொத்தான் கண், தலையில் சோடா மூடித் தொப்பி. காட்டுக் கல்குவியல் மேல் அதை உட்காரவைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்பா பார்ப்பார், அலறுவார், நான் சிரித்துக்கொண்டே வெளியே வருவேன், இவ்வளவுதான் ஏற்பாடு. அப்பா அலறவில்லை. தொப்பியைக் கழற்றினார். "வாங்க சாமி, எந்தக் காட்டுலேருந்து வர்றீங்க?" என்றார். ஓடிப்போய்ச் சோளக் கூழ் கரைத்து, சுரைக்குடுக்கையில் கொண்டுவந்து முன்னால் வைத்தார். எனக்கு வெளியே வரும் இடமே கிடைக்கவில்லை. மறுநாள் மதியம் பார்த்து மழை வேறு கொட்டித் தொலைத்தது.

அலூஷுக்கு ஒரு தடவை கூழ் வைத்துவிட்டால் அப்புறம் ஒரு நாள் விடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? வயிறு காய்ந்தால் கல்லெறியும், மாட்டை அவிழ்த்துவிடும், காய்ச்சல் கொண்டுவரும். அதனால் பயணம் கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

"ஒரு நாள் குடிக்கலேன்னா உருகியா போயிடும்?" என்றாள் அம்மா.

"நாம செஞ்சு வச்சதில்ல லாந்தி, தானா வந்திருக்கு. வந்தவங்களைப் பட்டினி போட்டுட்டு நான் போய்க் கடல்ல குளிக்கவா?"

அம்மா எழுந்தாள். பாதி தைத்த அங்கியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மெதுவாகத்தான் மூடினாள். எனக்கு இன்னும் கேட்கிறது.

சரி, வந்தவரை வழியனுப்பிவிடலாம் என்று பொம்மையைத் தூக்கிக் கோழிக் கூடையில் ஒளித்தேன். அப்பா முகம் வெளுத்து, "கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்று பூசாரியைக் கூப்பிடக் கிளம்ப, ஓடிப்போய்த் திரும்ப வைத்தேன். "வந்துடுச்சு, ஆனா பாவம், இளைச்சுப் போச்சு" என்று அன்றிலிருந்து இரண்டு குடுக்கை. அந்த இரண்டையும் விடிந்ததும் காட்டுக்குச் சுமந்துபோய், அப்பா அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துக் குடித்துத் தீர்ப்பவள் யார் என்று நினைக்கிறீர்கள்? என் பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. பக்கத்துக் காட்டு தமாசோ மாமா தினமும் ஒரு சிகரெட் பற்றவைத்து அதன் முன்னால் வைத்துவிட்டு, "நம்ம பக்கமும் ரெண்டு தூறல் போடச் சொல்லு" என்று என்னிடம் சிபாரிசுக்கு நிற்கிறார். பெயர்தான் தமாசோ, தமாஷ் என்றால் அவருக்கு ஆகாது. இந்த நிலைமையில் உண்மையைச் சொன்னால் அப்பா ஊரில் தலைகாட்ட முடியுமா, சொல்லுங்கள்.

ஆகவே என் விண்ணப்பம். அந்த அலூஷ் உங்கள் கனவில் வந்து, "துலூமில் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்" என்று கேட்டதாக அப்பாவுக்கு நாலு வரி எழுதி வில்பெர்த்திடம் கொடுத்தனுப்புங்கள். அக்கா பேச்சை அப்பா தட்ட மாட்டார். பொம்மையை நானே மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். கனவு காணச் சிரமமாக இருந்தால் கண்டதாக எழுதினால் போதும்.

உங்கள் கைக்கு வலி வராமல், சோப்புக்குக் குறை வராமல், அந்த ஓட்டலில் வெள்ளை விரிப்பில் சிவப்புச் சட்டினி சிந்துபவர்கள் யாரும் தங்காமல் இருக்க வேண்டிக்கொண்டு, இனி யாரையும் ஏமாற்ற மாட்டேன் (இந்த ஒரு தடவைக்குப் பிறகு) என்று உறுதி கூறும்,

உங்கள் மருமகள்
நெய்தி

பின்குறிப்பு: இது புதன்கிழமை எழுதியது. வில்பெர்த்தின் வேன் டயர் வெடித்து இரண்டு நாளாக நின்றுவிட்டதால் கடிதமும் என்னோடேயே நின்றுவிட்டது. இன்று வெள்ளி. காலையில் காட்டில் குடுக்கையை இறக்கி வைத்தபோது அப்பா சொன்னார், "இதோட இடது கண்ணு உன் பள்ளிச் சட்டைப் பொத்தான்."

நான் கூழைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "எப்பலேருந்துப்பா தெரியும்?"

"மொத நாளே. முதுகுல உன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கே."

"அப்புறம் எதுக்குத் தொப்பியைக் கழட்டினீங்க?"

"மரத்துக்குப் பின்னாடி உன் பாவாடை தெரிஞ்சுது. நாமளும் விளையாடுவோமேன்னுதான். மறுநாள் மழை பெஞ்சுது பாரு, அப்பத்தான் நெசமாவே சாமிதானோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." சோடா மூடித் தொப்பியைச் சரிசெய்தார். "உன்னைக் காட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. இது வந்து இருபது நாளா ஒரு நாள் தவறாம நீயா எந்திரிச்சு வர்றே. இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருப்பேன். ஆனா அந்தப் பெட்டி மூடினது எனக்கும் கேட்டுச்சு."

ஞாயிறு கூழ் ஊற்ற தமாசோ மாமாவிடம் சொல்லியாயிற்று. அவரிடம் மட்டும் மூச்சு விடக் கூடாதாம், அவருக்கு மழை வேண்டும். டயர் மாட்டிவிட்டார்கள், நாளை கிளம்புகிறோம், அதனால் மேலே எழுதியது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம், கனவும் காண வேண்டாம். இதை நீங்கள் படிக்கும்போது எதிரில் அசட்டுச் சிரிப்போடு நிற்பவள் நான்தான். மூன்று கொக்கிகள் காலியாக இருந்தால் போதும். அம்மா பெட்டியைத் திறந்துவிட்டாள். எல்லா அலையும் வெறும் கோடாக நிற்கிறது, நிறம் மட்டும் பாக்கி. நீல நூல் ஒன்று, பச்சை நூல் ஒன்று, கூடவே ஊசி, மூன்றையும் பைக்குள் வைத்திருக்கிறாள். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து தைத்துக்கொள்கிறாளாம்.