டத்தோ மோந்து பார்த்த டொம்யாம்

நான் செஃப் என்று பொய் சொல்லித்தான் பெண் கேட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது நான் உண்மையிலேயே செஃப்தான். சட்டைப் பைக்கு மேலே 'செஃப்' என்று நூலால் தைத்தே கொடுத்திருந்தார்கள்.

இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிறுதோறும் சமையல் வகுப்பு எடுக்கிறேன். பல நாட்டு வீட்டுச் சமையலில் எனக்குப் பிடித்தவற்றைச் செய்து காட்டி, குறிப்பை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். சைவ டொம்யாம் என்கிற தாய்லாந்துப் புளிப்பு சூப்பின் தாளில் எலுமிச்சைப் புல், காளான், மிளகாய் எல்லாம் ஒழுங்காக வரும். கடைசி வரியில் மட்டும், "இறக்கியதும் பூனையிடம் காட்டவும்" என்று இருக்கும். போன வாரம் செராஸிலிருந்து வந்த ஒரு அக்கா, "செஃப், இந்தப் பூனைங்கிறது மசாலாவா, இல்ல ஏதாச்சும் பிராண்டா?" என்று கேட்டார். மசாலா இல்லை, பூனைதான். நாலு கால், வால், மீசை உள்ள சாதாரணப் பூனை. அது என் சமையல் குறிப்பில் எப்படி ஏறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் மூன்று வருடமாக வேலை. என்ன வேலை என்று கேட்டால், முட்டை. காலை பஃபேயில் ஓர் ஓரமாக இரண்டு அடுப்போடு நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ஓம்லெட் போடுவேன். வெங்காயம் வேண்டும், வெங்காயம் வேண்டாம், மஞ்சள் கரு வேண்டாம், மஞ்சள் கரு மட்டும் வேண்டும் என்று யார் எப்படிக் கேட்டாலும் போட்டுக் கொடுப்பேன். முட்டையில் நான் ராஜா. முட்டையைத் தாண்டினால் எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். (அதுவும் கெட்டில் இருந்தால்.)

அந்தச் சமயத்தில்தான் லோகேஸ்வரியைப் பார்த்தேன். கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்தாள். கடைவாய்ப் பல் வலியோடு உள்ளே போன நான் காதலோடு வெளியே வந்தேன். ஆறு மாதம் கழித்து லோகா என்னை வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது டன் கன்டெய்னரைச் சத்தமே வராமல் இறக்கி வைப்பாராம். பேச்சும் அப்படித்தான். மெதுவாக வந்து, நம் தலையில் கனமாக உட்காரும்.

"என்ன வேல தம்பி பாக்குறீங்க?"

"ஹோட்டல்ல செஃப், அங்கிள்."

"என்ன சமைப்பீங்க?"

முட்டை என்று சொல்லியிருக்கலாம். மூன்றே எழுத்து. ஆனால் லோகா பக்கத்தில் நிற்கிறாள், அவள் அம்மா தேத்தண்ணீர்க் குவளையோடு ஆவலாகப் பார்க்கிறார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"எல்லா நாட்டுச் சாப்பாடும் அங்கிள். தாய், இத்தாலி, மலாய்…"

"ஹோட்டல் சாப்பாடா, வீட்டுச் சாப்பாடா?"

"வீட்டுச் சாப்பாடுதான் அங்கிள் என் ஸ்பெஷலே." (டேய், நிறுத்துடா!)

அங்கிள் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தார். "அப்ப ஒன்னு செய்வோம். வர்ற ஞாயித்துக்கெழம இங்கயே வந்து மூனு நாட்டுச் சாப்பாடும் சமைங்க. நான் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்குறேன், வீடே விரதம். அதனால சைவந்தான். முட்ட கூட ஆகாது."

உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே கலையும் அந்தக் கடைசி வாக்கியத்தோடு போய்ச் சேர்ந்தது.

வாசலில் லோகா என்னைப் பிடித்துக்கொண்டாள். "முட்ட போடுறேன்னு சொன்னா போதும்ல? இத்தாலிக்கெல்லாம் யாரு உன்ன போகச் சொன்னா?"

"சமாளிச்சிருவேன் லா."

"சமைக்கத் தெரியலன்னா அப்பா ஒன்னும் சொல்ல மாட்டாரு. பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அவ்ளோதான், இந்த கேட்ட தாண்டி நீ மறுபடி வர முடியாது. எனக்கு வேற மாப்ள பாத்துருவாரு. யோசிச்சுக்க."

யோசித்தேன். மறுநாள் ஹோட்டலில் மூன்று பேர் காலைப் பிடித்தேன்.

முதலில் இத்தாலி. வெள்ளைச் சாஸ் பாஸ்தாவில் பேர் போன ஆ செங் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் இருநூறு பேருக்கு. ஹோட்டலில் யார் நாலு பேருக்குச் சமைக்கிறார்கள்? நானே உட்கார்ந்து ஐம்பதால் வகுத்தேன். பால், வெண்ணெய், சீஸ் எல்லாவற்றையும் ஐம்பதால் வகுத்த நான், மாவை மட்டும் ஏனோ பத்தால் வகுத்துவிட்டேன். இது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அடுத்து மலாய். செலாயாங்கிலிருந்து வரும் காக் ரோஸ் (காக் என்றால் அக்கா) அன்னாசிப் பஜ்ரி என்கிற இனிப்புக் குழம்பு செய்யச் சொல்லிக் கொடுத்தார். அதற்குத் தேங்காய்ப் பூவைச் சிவக்க வறுத்து இடித்துப் போட வேண்டும். எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்று கேட்டேன். "அகாக்-அகாக்" என்றார். குத்துமதிப்பாக என்று அர்த்தம். எவ்வளவு சர்க்கரை? அகாக்-அகாக். எவ்வளவு மசாலா? அதுவும் அகாக்-அகாக். முப்பது வருடம் சமைத்த கைக்குத்தான் குத்தும் தெரியும், மதிப்பும் தெரியும்.

கடைசியாகத் தாய். சோம்சாய் என்கிற தாய்லாந்து நண்பரிடம், "கறி, கோழி, எறா எதுவும் கூடாது, சாமி காரியம்" என்று மலாயில் விளக்கினேன். அவர் ரொம்பப் பயபக்தியோடு தலையாட்டி, ஒரு தண்ணீர்ப் போத்தலில் பழுப்பாக எதையோ ஊற்றிக் கொடுத்தார். எல்லாம் இதில் இருக்கிறது, காளானைப் போட்டுக் கொதிக்க வைத்து இதை ஊற்று, வேறு எதுவும் செய்யாதே என்றார். வேறு எதுவும் செய்யாதே என்ற அந்த வார்த்தைக்காகவே அவரைக் கட்டிப் பிடித்தேன்.

ஞாயிறு காலை கொமுட்டர் ரயிலில் இரண்டு அன்னாசி, ஒரு தேங்காய், கத்திப் பையோடு கிள்ளானில் இறங்கினேன். பத்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

ஹோட்டல் சமையலறையில் ஒரு பழக்கம் உண்டு. அழுக்கான சட்டியைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டுவோம். சட்டி கழுவுகிற அண்ணன் வாங்கிக்கொள்வார். அன்றும் நான் திரும்பிப் பார்க்காமல் நீட்டினேன். யாரோ வாங்கிக்கொண்டார்கள். நானும் நீட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது சட்டியோ பத்தாவதோ, பின்னாலிருந்து ஒரு பொறுமையான குரல் வந்தது.

"தம்பி, இன்னும் எத்தன வரும்? எங்க வீட்டுச் சட்டியெல்லாம் முடிஞ்சிருச்சு. பக்கத்து வீட்டுல கேக்கவா?"

திரும்பினால் லோகாவின் அம்மா. முழங்கை வரை சோப்பு நுரை.

அந்தப் பதற்றத்தில் வெள்ளைச் சாஸை மறந்தேன். பத்தால் வகுத்த மாவு அதற்குள் தன் வேலையைக் காட்டியிருந்தது. கரண்டி சாஸுக்கு நடுவில் யார் துணையும் இல்லாமல் நேராக நின்றது. எட்டிப் பார்த்த அங்கிள் கரண்டியை ஒரு முறை அசைக்கப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லா இருக்கு. கன்டெய்னர்ல ஓட்ட விழுந்தா இத வெச்சு அடைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தாலி போனதை நினைத்து நான் அழுவதா வேண்டாமா என்று நிற்கையில், மலேசியாவும் போயிற்று. வாணலியில் இருந்த தேங்காய்ப் பூ அகாக்-அகாக்கைத் தாண்டிக் கருகி, வீடு முழுக்கப் புகை. லோகா இருமிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "பாஸ், ஓகேவா? பொம்பா கூப்பிடவா?" என்று கத்தினார். பொம்பா என்றால் தீயணைப்பு வண்டி. என் வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டுச் சமையலுக்கு வண்டி வரப் பார்த்தது.

மிஞ்சியது டொம்யாம்தான். காளானைக் கொதிக்க வைத்து, சோம்சாய் கொடுத்த போத்தலைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தேன். தேங்காய்ப் புகையில் அந்த வீட்டில் யாருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒருவருக்கு வேலை செய்தது. லோகா வீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு குண்டுப் பூனை. யார் கூப்பிட்டாலும் திரும்பாது, நடையில் அப்படி ஒரு மிடுக்கு, அதனால் டத்தோ என்று பெயர், இங்கே பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற பட்டம். வீட்டோடு சேர்ந்து டத்தோவும் மூன்று வாரமாக மீன் தலையைப் பார்க்காமல் கட்டாய விரதத்தில் இருந்தார். அப்படிப்பட்டவர் வாஷிங் மெஷின் மேலிருந்து குதித்து ஓடி வந்து, என் காலைச் சுற்றிச் சுற்றி, ஆர்மோனியம் மாதிரிக் கத்த ஆரம்பித்தார்.

"பாத்தியா, டத்தோவுக்கே உன் சமையல் புடிச்சிருச்சு" என்றாள் லோகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சமையலைப் பாராட்டிய முதல் ஜீவன்! குனிந்து அதன் தலையைத் தடவிக் கொடுத்தேன். (மடையன், மடையன்.)

மேசையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாஸ்தாவைப் பார்த்தார்கள், தொடவில்லை. அன்னாசியைப் பார்த்தார்கள், தள்ளி வைத்தார்கள். அங்கிள் டொம்யாமைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு கரண்டியை எடுத்தார். அப்போது டத்தோ அவர் மடியில் தாவி, ஒரு முன்னங்காலைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தார்.

"என்னாச்சு இதுக்கு?" என்றார் அங்கிள். "மூனு வாரமா சாப்பாட்டு மேச பக்கமே வரல. சைவத்த திரும்பிக்கூடப் பாக்காதே."

சைவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத பூனை. என் மண்டைக்குள் ஏதோ நழுவியது. சமையலறைக்கு ஓடி, காலிப் போத்தலை மூக்கோடு சேர்த்து உறிஞ்சினேன். கவுச்சி. கிள்ளான் துறைமுகமே அதற்குள் இருந்தது. மீன் சாஸ்! சோம்சாய் மேல் தப்பே இல்லை. அவருக்கு அது உப்பு மாதிரி. உப்பை யாராவது அசைவத்தில் சேர்ப்பார்களா?

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பாராட்டிக்கூட இருப்பார்கள். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அப்படியும் நினைத்தேன். பிறகு நான் கூடத்துக்கு ஓடும்போது கரண்டி அங்கிளின் உதட்டுக்கு ஓர் அங்குலத்தில் இருந்தது. ஹோட்டல் குரல் என்னை அறியாமல் வெளியே வந்தது.

"ஸ்டாப்! டேபிள் நாலு, ஸ்டாப்!"

கத்தியதோடு நின்றிருக்கலாம். கையையும் வீசினேன். கரண்டி மின்விசிறியை நோக்கிப் போனது. கிண்ணம் முழுசாக அங்கிளின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது, அதுவும் பெரிய சத்தத்தோடு. டத்தோ தாமதிக்காமல் சட்டையை நக்க ஆரம்பித்தார்.

"மீன் அங்கிள்" என்றேன். "அதுல மீன் இருக்கு. சாப்பிட்டுறாதீங்க. எனக்கே தெரியாது, இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அங்கிள் பூனையை எடுத்துக் கீழே விட்டார். எழுந்தார். தலை முழுகப் போனார்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. லோகா என்னைப் பார்க்கவில்லை. நான் கத்திகளை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தேன். பல் வலிக்கு இனி வேறு கிளினிக்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

அங்கிள் ஈரத் தலையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். அதுவரை 'நீங்க' என்றவர் இப்போது மாறினார்.

"உனக்கு உண்மையிலேயே என்னதான் சமைக்கத் தெரியும்?"

"முட்ட, அங்கிள்."

"முட்டைன்னா?"

"ஓம்லெட். மூனு வருஷமா அது மட்டுந்தான். வேற எதுவும் தெரியாது. அன்னிக்குச் சொன்னதெல்லாம் பொய்."

"அத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லலாந்தான்… நீங்கதான் முட்ட ஆகாதுன்னுட்டீங்களே அங்கிள்."

முதலில் சிரித்தது லோகாவின் அம்மா. கடைசிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார், சட்டி நழுவி விழுந்தது, இன்னும் சிரித்தார். லோகா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. அங்கிள் உதட்டைக் கடித்து ரொம்ப நேரம் தாக்குப் பிடித்தார். பிறகு அவருக்கும் முடியவில்லை. லோகாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ரசமும் கோஸ் பொரியலும் எடுத்து வந்தார். "எதுக்கும் இருக்கட்டுமேன்னு காலையிலயே வெச்சிட்டேன்" என்றார்.

கிளம்பும்போது அங்கிள் கேட் வரை வந்தார். "தைப்பூசம் முடிஞ்சு, நான் விரதத்த முடிச்ச மறுநாள் காலையில வா. முட்ட நாங்க வாங்கி வெக்கிறோம்."

போனேன். சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கு வெங்காயம் வேண்டும், ஒருத்தருக்கு வேண்டாம், ஒருத்தருக்கு மஞ்சள் கரு மட்டும். ஆகா, இது என் ராஜ்யம்! ஓம்லெட்டுகள் பறந்தன. சட்டி ஒன்றே ஒன்றுதான். அங்கிள் அடுப்புப் பக்கத்தில் நின்று என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓம்லெட்டைச் சத்தமே வராமல் அவர் தட்டில் இறக்கி வைத்தேன்.

"அங்கிள், போதுமா?"

"மாமான்னு கூப்புடு" என்றார், சாப்பிட்டுக்கொண்டே.

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. முட்டையைத் தாண்டி மற்ற நாடுகளையும் மெள்ளக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தைப்பூச விரதத்துக்கும் மாமா கேட்டு வாங்கிச் சாப்பிடுவது என் சைவ டொம்யாம்தான். ஆனால் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்ததும் கரண்டியைத் தொட மாட்டார். "டத்தோ எங்க?" என்பார். கிழடாகிப்போன டத்தோ மிடுக்குக் குறையாமல் நடந்து வருவார். மாமா கிண்ணத்தைக் குனிந்து நீட்டுவார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

டத்தோ மோந்து பார்ப்பார். முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டு, வாலைத் தூக்கியபடி போய்விடுவார்.

"மாப்ள பாஸு!" என்று லோகா கத்துவாள். மாமா கரண்டியை எடுப்பார்.