ஊக்கம் சார் வீட்டு அடைப்பிரதமன்

"...அதனால மக்கா, இனிமே ஜெயிக்க ஆளுக்கு எங்க வீட்டுச் சாப்பாடு கெடையாது. ரூவாதான். மொதலாளி சொல்லிட்டாரு."

ஊக்கம் சார் இதைச் சொல்லி முடித்ததும் எழுந்த கைதட்டலில் கடையின் ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. சாரும் எங்களோடு சேர்ந்து தட்டினார்.

பரிசு கொடுத்து வியாபாரத்தை வளர்த்த மேனேஜர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். பரிசு கொடுத்தே வியாபாரத்தைப் படுக்கவைத்த ஒரே மேனேஜர் எங்கள் ஊக்கம் சார்தான். நாகர்கோவிலில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் நான் ஃபேன் விற்றுக்கொண்டிருந்தபோது எங்களுக்கு வந்து வாய்த்தவர். வாயைத் திறந்தால், "ஊக்கம் வேணும் மக்கா, ஊக்கம்!" சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் விசாரித்ததில்லை.

வந்த வேகத்தில் ஒரு திட்டம் போட்டார். வருகிறவர்களுக்குப் பொருளை ஓட்டிக் காட்டினால், ஒவ்வொரு தடவைக்கும் தனிக் காசு. அவ்வளவுதான், கடை மாவு மில் ஆகிவிட்டது. வந்தவர் கேட்கும் விலை எங்கள் காதில் விழாது. நாங்கள் சொல்லும் விலை அவர் காதில் விழாது. வட்டக்கோட்டைக்கு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கப் படியேறிய ஒரு பெரியவருக்கு, மிக்சி பிரிவு செல்வி தேங்காய்ச் சட்னி அரைத்துக் காட்டினாள். டிவி பிரிவு ஸ்டீபன் கிரிக்கெட்டைப் போட்டுவிட்டான். நான் என் பங்குக்கு அவர் தலைக்கு மேலிருந்த ஃபேன்கள் எல்லாவற்றையும் முழு வேகத்தில் சுழலவிட்டேன். மனுஷர் பறக்கிற வேட்டியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "பிள்ளேளா, எனக்கு பஸ் போதும்."

சார் யோசித்தார். "ரூவா மனுசனப் பேயாக்கிரும் மக்கா. மதிப்புதான் உள்ள ஊக்கம்" என்றார். அந்த மதிப்பு எது என்றால், வாரத்தில் அதிகம் விற்றவருக்கு ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டில் மதியச் சாப்பாடு. சமைப்பதும் சாரேதான்.

முதல் வாரம் ஸ்டீபன் ஜெயித்தான். திங்கட்கிழமை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தான்.

"சாப்பாடு எப்பிடில?"

"சாப்பாடு தங்கம். ஆனா வெளக்கு வைக்க வரைக்கும் எந்திரிக்க விடல்லல. வாஷிங் மெஷின்கூட நடுவுல ஒரு மூச்சு விடும். சார் விடமாட்டாரு."

இந்த வாஷிங் மெஷின் வசனம் எங்கள் கடையில் ஒரு மாதம் ஓடியது.

அடுத்து ஜெயித்த செல்வி, வீட்டுக்காரரையும் மாமியாரையும் துணைக்குக் கூட்டிப்போனாள். வீட்டுக்காரர் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிவிட்டாராம். மாமியார் மட்டும் சாருக்குச் சரிக்குச் சரி பேசி முடித்து, "ஏட்டி, அடுத்த வாரமும் நீயே ஜெயிச்சிரு" என்றிருக்கிறார். செல்வி மறுநாளே ஒரு வாரம் லீவு போட்டுவிட்டாள்.

அதற்கடுத்து மாட்டியது நான். கோட்டாறில் மாடி வீடு. மணியை அழுத்தக் கையைத் தூக்கினேன், கதவு திறந்தது. வாசலிலேயே முதல் கேள்வி: "எப்பம் போணும்?"

"சாப்பிட்டதும் கெளம்பிருவேன் சார்."

"ம்" என்றார்.

அவர் மனைவி குவைத்தில் நர்ஸ். மகனுக்கும் படிப்பு அங்கேதான். சாப்பாட்டு மேசையைச் சுற்றி வரிசையாக நாற்காலிகள் கிடந்தன. ஒன்றே ஒன்றில்தான் பிளாஸ்டிக் உறை பிரித்திருந்தது. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு, உறை போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அசையும்போதெல்லாம் அது சரசரத்தது.

சோறும் மீன்குழம்பும் வந்தன. அவியல் வர அரைமணி நேரம் ஆயிற்று. எழுந்திருக்கப் பார்த்தேன்.

"இரி மக்கா. பொரிச்ச மீனு இருக்கு."

அதையும் தின்றுவிட்டு எழுந்தேன்.

"அடைப்பிரதமன் வச்சிருக்கேன். ஆனா வெயில் சாஞ்ச பெறவுதான் தருவேன். அதுவரைக்கும் இருக்க ஆளுக்குத்தான் அது."

கடையில் பல்லிளித்த ஊக்கத் திட்டம் அந்த மேசையில் அபாரமாக வேலை செய்தது. நான் இருந்தேன். பிரதமன், எங்கள் பக்கத்து வெல்லப் பாயசம், அமிர்தம். படியிறங்கித் தெருமுனை திரும்பியபோது பார்த்தேன். மாடி விளக்கின் கீழே சார் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

அதன்பிறகு எங்கள் கடையில் நடந்த வியாபாரம் வேறு எங்கும் நடந்திருக்காது.

"ஏலே ஸ்டீபா, இந்த ஃபிரிட்ஜ நீ வித்ததாப் போட்டுக்க."

"போல! எனக்கு ஞாயித்துக்கெழம ஆராதனை இருக்கு."

"ராத்திரி வரைக்குமால ஆராதனை?"

"பிரதமன் குடிச்சது நீதான? நீயே ஜெயி!"

ஃபிரிட்ஜ் வாங்க வந்தவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வேணும்னா எதுத்த கடையில வாங்கிக்கிடட்டா தம்பி?"

"ரொம்ப உபகாரம் அண்ணாச்சி" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அப்படித்தான் அந்தச் சனிக்கிழமைக் காலை அறிவிப்பு வந்தது, எங்கள் கைதட்டலும் வந்தது. தட்டி முடித்த கையைத் தொங்கவிட்டபடி சார் சிரித்தார். "அப்பம் நாளைக்கு எல்லாரும் ஃப்ரீ, என்ன?" அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது.

மறுநாள் மதியம் நான் அவர் வீட்டுப் படியேறினேன். ஏன் என்று கேட்காதீர்கள். கோட்டாறில் ஏதோ வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தமுறை மணியை இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து திறந்தார். அடுக்களையிலிருந்து வெல்லமும் தேங்காய்ப்பாலும் கொதிக்கிற மணம் வந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"என்ன மக்கா, கடையில ஏதும் பிரச்சினையா?"

"இல்ல சார். சாப்பிட வந்தேன்."

"பரிசுதான் கெடையாதுன்னு சொல்லியாச்சே. அதுவுமில்லாம, நீ இந்த வாரம் ஜெயிக்கவும் இல்லியே?"

"கடைசி எடம் சார்."

எப்பம் போணும் என்று கேட்கவில்லை. உள்ளே போனார். இலை போடவில்லை, சோறு வைக்கவில்லை, வெயில் சாயக் காத்திருக்கவில்லை. பெரிய டம்ளர் நிறைய அடைப்பிரதமனை ஊற்றிக்கொண்டு வந்து, அதை முதலில் என் முன்னால் வைத்தார்.