கை நீட்டினால் எட்டுகிற பட்டன்

கை நீட்டினால் எட்டுகிற ஒரு பட்டனை அமுக்காமல் இருப்பதற்காக மூன்று வாரம் ராப்பகலாக உழைத்தவன் நான். சோம்பேறிகள் உழைக்கமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தேன். (கூடம் என்பது மரியாதைக்கு. முட்டை அட்டை ஒட்டிய ஒரே அறை. பாடியவர்கள் எல்லாம் யூரியா வாசனையில்தான் பாடினார்கள்.) கம்ப்யூட்டரில் சீக்வென்சர் இருந்தது, நான் எழுதிவைத்த தாளத்தை அதுவே வாசிக்கும். குரலைப் பதிய எட்டு டிராக் ரெக்கார்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டையும் மிடி என்கிற ஒரு ஒயரால் இணைத்துவிட்டால், கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினாலே ரெக்கார்டர் தானாக ஓடும், நிற்கும், ஆரம்பத்துக்குத் திரும்பும் என்று படித்தேன். அதற்குத்தான் அந்த மூன்று வாரம். ரெக்கார்டர் இருந்ததோ என் முழங்கைக்குப் பக்கத்தில்.

இந்த வித்தையை முதலில் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஏழு பெண்கள். திருவிழாவில் வட்டமாகச் சுற்றி ஆடிக்கொண்டே பாடும் பாட்டைப் பதிய வந்திருந்தார்கள். அவர்களில் ராசாத்தி என்ற பெண் மறுநாள் விடிந்ததும் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போகிறாள்.

"திருவியாவுக்கு அவ இருக்கமாட்டா தம்பி. அவ கொரலாவது இருக்கட்டும்னுதான் வேலய வுட்டுட்டு வந்துக்கிறோம்" என்றார் அவர்களை அழைத்துவந்த சின்னப்பொண்ணு அக்கா. மூன்று மணிக்கு வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? கை தட்டக்கூடாது என்றேன். கால் எடுத்துவைக்கக்கூடாது என்றேன். சீக்வென்சர் தாளத்தைவிட்டு இம்மி நகரக்கூடாது என்றேன்.

"கையும் ஆட்டக்கூடாது, காலும் ஆட்டக்கூடாதுன்னா இன்னாத்த பாடறது? போட்டோவா புடிக்கிற?" என்றார் அக்கா.

பதினோரு முறை பாட்டு பாதியில் செத்தது. பன்னிரண்டாவது முறை ராசாத்தி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள் பாருங்கள், எனக்கே புல்லரித்துவிட்டது. பாடி முடித்து எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"போட்டுக் காட்டு தம்பி."

இங்கேதான் சனி என் தலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "பாருங்க, மிசின தொடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் ஒரு தட்டு. ரெக்கார்டர் சமர்த்தாக ஆரம்பத்துக்குப் போய் ஓடத் தொடங்கியது. ஏழு பேரும் வாயைப் பிளந்தார்கள். தாளம் கேட்டது. பாட்டு கேட்கவில்லை.

டீ கொண்டுவந்த என் மனைவி கவிதா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அதுல செவப்பு வெளக்கு எரிஞ்சிக்கினு கீதே?"

"அது அப்டித்தான் எரியும். ஒனக்கு இன்னா தெரியும், சும்மா இரு!"

ஒலியைக் கூட்டினேன். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். மைக்கைத் தட்டி, "ஹலோ, கேக்குதா? ஏன் கேக்கல?" என்று கத்தினேன். பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரமும் கத்தினேன். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சரி பண்ணி எடுத்தாந்து குடு, ஒன்ன நம்பித்தான் போறோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் படியிறங்கினார்கள்.

அவர்கள் போன பிறகுதான், வாழ்க்கையில் முதல்முறையாக ரெக்கார்டரின் பட்டனையே அமுக்கினேன். என் குரல் வந்தது. "ஹலோ, கேக்குதா?" மிகத் தெளிவாகக் கேட்டது. சீக்வென்சரில் பதிவை நான் அணைக்கவே இல்லை. 'ஆரம்பத்துக்குப் போ, பதிவு செய்' என்று அது சொல்லியிருக்கிறது; ரெக்கார்டரும் சொன்னபடி செய்திருக்கிறது. ராசாத்தியின் குரல் இருந்த இடத்தில் நான் கத்திக்கொண்டிருந்தேன். நடுவில் கவிதா சொன்ன சிவப்பு விளக்கும் பதிவாகியிருந்தது. விடிந்தால் அந்தப் பெண் போய்விடுவாள்.

ரெக்கார்டரையும் மைக்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். நகர்ந்துவிட்ட பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, கண்டக்டர் உட்பட எல்லோர் முன்னாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். சின்னப்பொண்ணு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கைய நீட்டி அமுக்கியிருந்தா, கையி தேஞ்சா பூட்டிருக்கும்?"

மலைப்பாதை வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அப்போதெல்லாம் ரெக்கார்டரை மடியில் வைத்துக் காப்பாற்றியவள் ராசாத்திதான். சாயங்காலம் கோயில் முன்னால் ஏழு பேரும் கை தட்டி, கால் மாற்றி ஆடிப் பாடினார்கள். மெதுவாகத் தொடங்கிய பாட்டு போகப்போக ஓட்டமெடுத்தது. என் சீக்வென்சர் மூச்சிரைத்து விழுந்திருக்கும். நான் செய்தது ஒன்றே ஒன்று. பட்டனை அமுக்கினேன். அதைப்போல் ஒரு பதிவை அதற்குப் பிறகு நான் செய்ததே இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் மானம் தப்பியிருக்கும். அவசரத்தில் என் கத்தலை அழிக்காமல் அதற்குப் பின்னாலேயே பதிந்திருந்தேன். பென் டிரைவில் இரண்டையும் ஏற்றிக் கொடுத்தும் விட்டேன். திருவிழாவன்று மைக் செட்காரர் முதலாவதாக இருந்ததைப் போட்டார்.

இப்போதெல்லாம் வருஷா வருஷம் அங்கே ஒலிபெருக்கியைச் சோதிப்பதே அதை வைத்துத்தான். "ஹலோ, கேக்குதா?" என்று நான் கத்துவேன். "கேக்குது!" என்று கூட்டம் பதில் சொல்லும். "ஏன் கேக்கல?" என்பேன். "செவப்பு வெளக்கு எரிஞ்சிக்கினு கீது!" என்று குழந்தைகள் முதற்கொண்டு கத்துவார்கள். எல்லோரையும்விட உரக்கக் கத்துவது கவிதா. அதற்காகவே என்னை இழுத்துக்கொண்டு போகிறாள்.

போன வருஷம் ராசாத்தி லீவு போட்டு வந்திருந்தாள். "அதான் நீயே வந்துட்டியேம்மா, இந்த வருஷமாச்சும் அத போட வேணாம்னு சொல்லேன்" என்று கெஞ்சினேன்.

"அதெப்டிண்ணா? ஒம் பாட்டு முடிஞ்சாத்தான எம் பாட்டு" என்றாள்.