மூன்று தீப்பெட்டிகளும் ஒரு மெமோவும்

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்துக்கும், நீ வளர்த்து வரும் சமன்பாடுகளின் சௌக்கியத்துக்கும் பதில் எழுதவும்.

நீ அனுப்பிய ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. 'நேரியலற்ற இயக்கவியல்' என்ற தலைப்பைத் தாண்டவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பத்து நிமிட இடைவெளியில் கிளம்பும் பஸ்கள் ஒன்றாகச் சேர்ந்து வருவதற்கு எந்த டிரைவரும் காரணமில்லை, தொடக்கத்தில் நேரும் துளித் தாமதம்தான் தானே வளர்ந்து பெரிதாகிறது என்கிறாய். முப்பத்திரண்டு வருஷம் டெப்போவில் டைம்கீப்பராக உட்கார்ந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு காலையில் மூன்று வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. முதல் வண்டியை ஓட்டியவர் உன் அப்பா. மைத்துனன் என்றும் பாராமல் மெமோ கொடுத்தேன், அவரை வேறு டெப்போவுக்கு மாற்றினார்கள், அன்றோடு எங்கள் பேச்சு நின்றது.

சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று சாப்பாட்டு மேசையில் மூன்று தீப்பெட்டிகளை பஸ்களாக நிறுத்தி, உன் அத்தையின் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துப் பயணிகளைப் பரப்பினேன். முதல் பெட்டியை ஒரு பொத்தானுக்காக ஒரே ஒரு மூச்சு நேரம் நிறுத்தினேன். அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பொத்தான் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது, அவற்றை ஏற்றியதில் இன்னும் தாமதம், அதற்கடுத்ததில் பெருங்கூட்டம், பின்னால் வந்த பெட்டியோ ஏற்ற ஆளில்லாமல் ஓடோடி வந்து முதல் பெட்டியின் முதுகில் முட்டியது. நான்கு முறை செய்தேன், நான்கு முறையும் அதே கதை. பழக்க தோஷத்தில் முதல் தீப்பெட்டிக்கு மெமோ எழுதக் கை பேனாவைத் தேடியது.

"பாவம், அது என்ன பண்ணுச்சு? ஒரு பொத்தான் ஏறுச்சு, நின்னுச்சு" என்றாள் உன் அத்தை.

"நீ சும்மா இரு, இது விஞ்ஞானம்" என்றேன். ஆனால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஒரு தப்பு நடந்தால் அதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டாமா? ஆளே இல்லையென்றால் மெமோவை யார் பெயருக்கு அனுப்புவது? ஆகவே உன் விஞ்ஞானம் தீப்பெட்டிக்குச் சரி, உன் அப்பாவுக்குச் செல்லாது. மெமோ மெமோதான். பேச வேண்டுமென்றால் அவரே வரட்டும்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். உறையை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டீங்க. நான்தான் ஓடிப்போய் தம்பி வண்டிய நிறுத்தி, அவன் கையில குடுத்தேன். அரை நிமிஷம் ஆகியிருக்கும். 'அத்தான்கிட்ட சொல்லாதேக்கா, சங்கடப்படுவாரு'ன்னு அவன்தான் சத்தியம் வாங்கிட்டான்" என்றாள்.

காலையிலிருந்து தேடிய கண்ணாடி, மூன்று வண்டிகளும் வந்த பிறகு என் மேசைமேல் கிடந்தது. நானே எங்கேயோ வைத்து மறந்தேன் என்று நினைத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த மெமோவை எழுதினேன்.

மேலே உள்ளதைக் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வண்டி தாமதமானால், அப்பாவைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்.